கொபினாவின் பல்லில் பேராசிரியர்

பேராசிரியர் டாட்சி காலமான செய்தி வானொலியில் வந்த காலையில், எங்கள் பேண்டின் முதல் ட்ரம்பெட் கொபினா அமிசாவின் முன்பல் முனக ஆரம்பித்தது.

வலித்தது என்று நான் சொல்லவில்லை. வலி இரண்டு மாதமாகவே இருந்தது. முனகியது என்றுதான் சொல்கிறேன். மேல்வரிசை, நடுவில், இடது பக்கத்துப் பல். அவன் கென்கே என்கிற சோளமாவு உருண்டையைப் பிட்டு, மிளகாய்த் தொக்கில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது உள்ளே யாரோ ராகம் இழுப்பது கேட்டிருக்கிறது. வானொலிதான் என்று நினைத்து அதை அணைத்தான். ராகம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வானொலியோ என்று அங்கே போய் அதையும் அணைத்தான். அந்த வீட்டுக்காரியோடு ஒரு சண்டை போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் கொடி காட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறேன். காது பாதி போய்விட்டது என்று ஊரில் பேச்சு. ஆனால் அன்று எனக்கே கேட்டது.

"அண்ணே, இங்க காதை வையுங்க."

"எங்கடா?"

"பல்லுல."

வைத்தேன். முதலில் ஒரு முனகல். தேவாலயப் பாட்டின் மெட்டு, பாதிவரை. அப்புறம் ஒரு சின்ன 'டிக்'. அப்புறம் கொஞ்சம் மௌனம். கடைசியில் ஒரு கிழவரின் தாழ்ந்த குரல்: "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை." பிறகு முதலிலிருந்து மறுபடி.

"இது டாட்சி ஐயா குரலாச்சேடா."

"அவரேதான். பதினோரு வருஷம் முன்னாடி இந்தப் பல்லுக்கு ரூட் கேனல் பண்ணினாரு. இப்படித்தான் முனகிக்கிட்டே பண்ணினாரு. நடுவுல டிக்குனு ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்தேன். ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு மூடி அனுப்பிட்டாரு."

"அப்ப எதுவோ ஒடிஞ்சிருக்கு."

"நானும் அதைத்தான் பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். யாரு கேட்டாங்க?"

எங்கள் ஊர் சேகொண்டியில் பிராஸ் பேண்டுக்காரனுக்குப் பிழைப்பு சனிக்கிழமைகளில்தான். சனிக்கிழமைகளில்தான் நாங்கள் ஆட்களைப் புதைக்கிறோம். முதல் ட்ரம்பெட்டுக்காரன் சவப்பெட்டியைத் தூக்கும்போது ஓர் உச்ச ஸ்வரம் பிடிப்பான். அதைக் கேட்டுத்தான் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். கொபினாவின் ஸ்வரத்துக்கு டாக்கோராடியிலிருந்தெல்லாம் ஆள் வரும். இறந்தவரை யாரென்றே தெரியாமல் வந்து அழுதுவிட்டுப் போவார்கள். இப்போது அவன் அந்த ஸ்வரத்தைத் தொட்டால் ஈறுக்கு மேலே சீழ்க் கட்டி தெறித்தது. அதோடு ஸ்வரம் இரண்டாகப் பிளந்தது. ஒன்று அவனுடையது, மற்றது செத்தவருடையது.

பேண்ட் மாஸ்டர் அக்வா வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

"கொபினா, சாவு வீட்டுல ஏற்கெனவே ஒரு பொணம் இருக்கும். ட்ரம்பெட்டுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு?" என்றார். "டாட்சி ஐயா சாவுதான் இந்த வருஷத்துலயே பெருசு. வாசிக்க நம்மளத்தான் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள சரி பண்ணிக்க. இல்லேன்னா ரெண்டாவது ஊதற ஃபீஃபிக்கு முதல் ட்ரம்பெட்."

பல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ட்ரம்பெட்டின் வாய் உட்காருவது அந்தப் பல்லின் மேல். அது போனால் உதட்டுக்கு முட்டு இல்லை. முப்பது வருடம் அந்த ஒரு பல்லை நம்பி ஊதியவன், நாற்பத்தெட்டு வயதில் ஊதல் பொம்மை விற்கப் போகவேண்டியதுதான்.

வேறு மருத்துவரிடம் போகலாமே என்றும் கேட்பீர்கள். போனோம். ஆறு மாதம் அலைந்ததில் மூன்று இடத்தில் பல்லைப் பார்த்தார்கள், எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், பிறகு கையைக் கழுவிக்கொண்டார்கள். அந்தப் பல் நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. நிலையம் விடுவித்துக் கடிதம் தராமல் எங்கள் மாவட்டத்தில் எவனும் அதைத் தொடமாட்டான்.

நிலையம் என்றால் மேற்குக் கடற்கரைக் குறுந்துளைப் பல்வேர் நிலையம். டாட்சி ஐயா நிறுவியது. பல்லில் முடிந்தவரை சின்னத் துளை போட்டு வேரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் நல்ல கொள்கைக்கு ஒரு கட்டடமும் ஒரு கொடியும் கொடுத்துவிட்டால் அது என்ன ஆகும் என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

வாசல் கதவு இடுப்பளவு. குனிந்து போனால்தான் உள்ளே போகலாம். "ஊடுருவாமை எங்கள் உயிர்" என்று மேலே எழுதியிருந்தது. படிக்கப் பூதக்கண்ணாடி ஒன்றைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விண்ணப்பப் படிவம் தீப்பெட்டி அளவு. பெயர் எழுத இடம் இருந்தது, நோய் எழுத இடம் இல்லை. உள்ளே எல்லோரும் கிசுகிசுத்தார்கள். கூடத்தின் நடுவில் சுவர் முழுக்க ஒரு புகைப்படம்: வெள்ளையாக, மலை மாதிரி ஒரு பல், அதன் முதுகில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. கீழே, "உலகின் மிகச் சிறிய வெற்றி. நோயாளி: கே.ஏ."

"அண்ணே, கே.ஏ. நான்தான்" என்றான் கொபினா.

பதிவேட்டு எழுத்தர் ஆன்சா அவனை மேலும் கீழும் பார்த்தார். தேவாலயத்துச் சிலை எழுந்து வந்து வயிறு வலிக்கிறது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"நீங்களா? நீங்க நல்லா இருக்கீங்களே" என்றார்.

"இல்லைய்யா. வலிக்குது."

"எங்க பதிவேட்டுல நல்லா இருக்கீங்க."

மறுசிகிச்சைக் குழு செவ்வாய்க்கிழமை கூடியது. நீள மேசை, ஒன்பது பேர். தலைமையில் இயக்குநர் டாக்டர் வில்ஹெல்மினா ஓட்டூ. அவருக்கு வலப்புறம் ஒரு நாற்காலியில் ஆள் இல்லை. முதுகில் வெள்ளைக் கோட்டு ஒன்று மாட்டியிருந்தது, முன்னால் ஒரு தண்ணீர்க் குவளை, மூடி போட்டு. மற்ற எட்டுப் பேரும் உள்ளே வரும்போது அந்தக் கோட்டுக்கு வணக்கம் சொன்னார்கள். கடைசியில், கதவோரமாக, ஓர் இளம் மருத்துவர். டாக்டர் எசி பைடூ. நுண்ணோக்கியைத் துடைப்பதுதான் இரண்டு வருடமாக அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

"மிஸ்டர் அமிசா, வாயைக் கொஞ்சம் திறங்க" என்றார் இயக்குநர்.

கொபினா திறந்தான்.

"இவ்வளவு வேண்டாம். நாங்க ஊடுருவறவங்க இல்ல."

அரை அங்குலமாகக் குறைத்தான்.

"பல்லு தோத்துப்போச்சு மேடம்" என்று சொல்லப் பார்த்தான். அரை அங்குலத்தில் அது சரியாக வரவில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி எல்லா முகமும் சுருங்கின.

"அந்த வார்த்தை இந்தக் கட்டடத்துல கிடையாது" என்றார் இயக்குநர், அன்பாகத்தான். "உங்க பல்லு வெற்றி. அந்த வெற்றி கொஞ்சம் வலிக்குது, அவ்வளவுதான். நீங்க எங்க வரலாற்றைத் தெரிஞ்சுக்கணும். ஆரம்பத்துல நாங்க மூணு மில்லிமீட்டர் துளை போட்டோம். சொல்லவே கூச்சமா இருக்கு. அப்புறம் ஒண்ணரை. அப்புறம் அரை. துளை சின்னதாக ஆக, உள்ள இருக்கறது தெரியறதும் குறைஞ்சுது. தெரியறது குறையக் குறைய நாங்க கண்டுபிடிச்ச தப்பும் குறைஞ்சுது. போன வருஷம் ஒரு தப்புகூட எங்க கண்ணுல படல. இந்தச் சாதனை எந்தக் கண்டத்துலயும் கிடையாது."

எல்லோரும் ஒரு விரலை மறு விரலால் தட்டினார்கள். அங்கே கைதட்டல் அப்படித்தான்.

கதவோரத்திலிருந்து டாக்டர் பைடூ எழுந்தார்.

"மேடம், சின்னத் துளை நல்லதுதான். பல்லை எவ்வளவு விட்டுவைக்கறமோ அவ்வளவு பலமா நிக்கும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு பார்க்கற அளவாவது திறக்கணும் இல்லையா? இவரு ஸ்கேன்ல வேர் நுனியில ஒரு கம்பித் துண்டு தெரியுது. சுத்தம் பண்ற கம்பி. ஒடிஞ்சு உள்ளயே நின்னிருக்கு. பழைய பசையை எடுத்துட்டு, அதிர்வு முனையால மெல்ல ஆட்டினா..."

குறிப்பெழுதுபவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "டாக்டர் பைடூ இருமினார்."

"மறுசிகிச்சைக்கு விதி ஒண்ணுதான்" என்றார் இயக்குநர். "முதல்ல பண்ணின மருத்துவரோட சம்மதம் வேணும். பேராசிரியர் என்ன நினைக்கிறார்னு கேட்டுடலாம்."

கோட்டின் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலை சாய்த்தார். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கொபினாவின் பல் முனகியது. மெட்டு பாதி வந்தது. டிக். அப்புறம், எல்லோருக்கும் கேட்கும்படி: "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே" என்றார் இயக்குநர். "பதிவு பண்ணிக்கோங்க."

"மேடம், அவரு செத்துட்டாரு" என்றான் கொபினா.

"அடக்கம் ஆயிடுச்சா?"

"இல்ல. இன்னும் ஐஸ்லதான்..."

"அப்ப அவர் விடுப்புல இருக்கார். அடக்கம் ஆனதுக்கப்புறம்தான் அவர் இடம் காலி. அப்ப நான் கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் அவர் போடணும்."

வெளியே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தோம். அடக்கத்துக்கு முன்னால் பல் சரியாக வேண்டும். பல் சரியாக வேண்டுமானால் அடக்கம் ஆகவேண்டும். கொபினா ஈறைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, இப்ப கொஞ்ச நாளா ராத்திரியெல்லாம் என் வாய்க்குள்ள ஒரு ஆளு நின்னுக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. வெளிய வரவும் வழி தெரியல அவருக்கு. அவரு விட்ட துளை அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிணம் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தம் இல்லை, தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். எனவே வழக்கப்படி ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு குடும்பத் தலைவர் குவாமெனா எகிரைப் பார்க்கப் போனோம். பேராசிரியருக்குத் தாய்மாமன். எண்பத்தொன்பது வயது. வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, திறந்த வானத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, டாட்சி ஐயாவை எப்ப அடக்கம் பண்றீங்க?"

"அவன் செத்து ஏழு மாசந்தானே ஆகுது" என்றார் அவர். "என்ன அவசரம்? விதவை டாக்கோராடி வீட்டுல கிடத்தணுங்கறா. அமெரிக்காவுல இருக்கற பிள்ளைங்க டிசம்பர்லதான் வருவோங்கறாங்க. நான் குடும்ப வீட்டுலங்கறேன். குடும்ப வீட்டுக்குக் கூரை இல்ல. கூரை போட ஆரம்பிச்சா சுவர் சரியில்லங்கறான் கொத்தன். தூக்கிப் போட்டாப்புல புதைச்சுட்டாங்கன்னு நாளைக்கு ஊர்ல ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

"மாமா, என் பல்லு..."

"உன் பல்லை யாரு புடிச்சு வெச்சிருக்கா? போய்ப் புடுங்கிக்க."

அடுத்த வாரம் ஆன்சா ஒரு வழி கண்டுபிடித்தார். விதியில் சம்மதம் என்றுதான் இருக்கிறது, கையெழுத்து என்று இல்லை. கட்டைவிரல் ரேகை போதும். பிணவறைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். குழு அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: பிணம் இருக்கும் ஐஸ் பெட்டியை ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கக் கூடாது. பேராசிரியரின் கொள்கையை அவரிடமே மீறலாமா?

ஆன்சா, கொபினா, நான், மூவரும் போனோம். பட்டப்பகல்தான், ஆனால் அங்கே வெளிச்சத்துக்கும் குளிர் பிடித்திருந்தது. எண் போட்ட இரும்புப் பெட்டிகள் வரிசையாக. உள்ளே கால் வைத்ததும் பல் பாட்டை நிறுத்திவிட்டது. கொபினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இழுக்குது. பதினாலாம் பெட்டிப் பக்கமா இழுக்குது."

"பதிவேட்டுல பதினஞ்சு" என்றார் ஆன்சா.

"ஐயா, பல்லு பதினாலுங்குது."

"பல்லு எங்க ஊழியர் இல்ல."

பதினைந்தாம் பெட்டியை ஒரு விரற்கடை திறந்தார். உள்ளே பார்க்கவில்லை, பார்க்க இடமும் இல்லை. இரண்டு விரலை விட்டுத் துழாவி, ஒரு கட்டைவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, படிவத்தில் பதித்தார். விரல் தடித்திருந்தது, நகத்தடியில் கறுப்பு கிரீஸ்.

"மருந்தெல்லாம் கலக்கற கை" என்றார் ஆன்சா.

அது டார்க்வா பாதையில் மரம் ஏற்றிய லாரி டிரைவர் எசுமானின் விரல். பேராசிரியர் பதினாலில்தான் இருந்தார். பணியாளர் கோப்பில் இருந்த ரேகையோடு இது பொருந்தவில்லை என்று யாரோ குழுவில் எழுப்பினார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டால் தவறு ஒன்று நடந்ததாக ஆகிவிடுமே. எனவே கோப்பில் இருந்த ரேகையைத் திருத்தினார்கள். அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து நிலையத்தின் நிறுவனர், ஆவணப்படி, லாரி டிரைவர் எசுமான். டிரைவரின் விதவை மறுவாரம் வந்து, குன்றின் மேலிருந்த பேராசிரியர் பங்களாவின் சாவியைக் கேட்டார். கொடுக்க வேண்டியதாயிற்று.

சம்மதம் கிடைத்துவிட்டது, ஆகவே சிகிச்சை. இயக்குநரே செய்தார். முப்பரிமாண ஸ்கேன், கணினி வரைந்த பாதை, அந்தப் பாதைக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வார்ப்பு, எல்லாம் முதல்தரம். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் புகைப்படம் எடுத்தார்கள். இரண்டரை மணி நேரம். துளை தலைமுடியில் கால்வாசி. அதற்குள் கம்பியும் போகவில்லை, மருந்தும் போகவில்லை, வெளிச்சமும் போகவில்லை.

"உள்ள எதுவும் போகல. அதனால எதுவும் ஒடியல" என்று இயக்குநர் கையுறையைக் கழற்றினார். "நான் பார்த்ததுலயே சுத்தமான சிகிச்சை இதுதான்."

டாக்டர் பைடூ கொபினாவை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். குனிந்து வெளியே வந்ததும், "மன்னிச்சிருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார். பல் அவருக்கும் பதில் சொன்னது: ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை.

பிணவறை விஷயம் மூன்றே நாளில் குவாமெனா எகிரின் காதுக்குப் போனது. எங்கள் ஊரில் மூன்று நாள் என்பது தாமதம். தன் மருமகனை லாரி டிரைவரோடு மாற்றி எழுதிவிட்டார்கள் என்றதும் கிழவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் ஒரு மாசம் விட்டா இவனுங்க அவனுக்கு லைசென்ஸ் வாங்கி லாரியில ஏத்திடுவானுங்க. கூரையாவது மண்ணாவது, அடக்கம் பண்ணிடணும். அடுத்த சனிக்கிழமை."

அடுத்த சனிக்கிழமை. கொபினாவின் ஈறு கொய்யாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மாஸ்டர் அக்வா அவனைப் பார்த்தார், ஃபீஃபியைப் பார்த்தார்.

"ஒரு தடவை" என்றான் கொபினா. "பெட்டியைத் தூக்கும்போது அந்த ஒரு ஸ்வரம். அது பிளந்தா நானே ட்ரம்பெட்டை ஃபீஃபி கையில கொடுத்துடறேன்."

"கொடுப்பியா?"

"கொடுத்துட்டு உங்க கண்ணுல படமாட்டேன்."

சேகொண்டி முழுக்கச் சிவப்பும் கறுப்புமாக வந்திருந்தது. கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் பந்தல், ஜெனரேட்டர், ஆளுயர ஒலிபெருக்கிகள். சுவரெல்லாம் போஸ்டர்: பிளாஸ்டிக் கடைவாய்ப்பல்லைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டாட்சி ஐயா. திறந்த பெட்டியில் அவர் கெந்தே துணி போர்த்திப் படுத்திருந்தார். வாய் இறுக மூடியிருந்தது.

இயக்குநர் இரங்கல் உரை படித்தார்.

"அவர் எதையும் பெரிதாகத் திறந்ததில்லை" என்று ஆரம்பித்தார். "தன் மனதையும், தன் அறைக் கதவையும், புகார்க் கடிதங்களையும். அவரிடம் சிகிச்சை பெற்ற நாலாயிரம் பேரில் ஒருவர்கூட உள்ளே என்ன நடந்தது என்று அறிந்ததில்லை. நாங்களும் அறிந்ததில்லை. அந்தப் பாரம்பரியத்தை நாங்கள் காப்போம்."

பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் குனிந்தார்கள். மாஸ்டர் கையை உயர்த்தினார். நான் டிரம்மை ஓர் அடி அடித்தேன். கொபினா மைக்குக்கு முன்னால் வந்து, ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து, கண்ணை மூடி ஊதினான்.

ஸ்வரம் மேலே போனது. போய், பிளந்தது. அவன் வலி தாங்காமல் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஒலிபெருக்கிகள் வழியாக ஊர் முழுக்க முனகல் பரவியது. தேவாலயப் பாட்டு, பாதிவரை. டிக். இத்தனை நாளும் அதோடு நின்றது, அன்று மேலே போனது:

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. அடடா, ஒடிஞ்சுபோச்சே. பார்க்க முடியலையே. சரி, மூடிடு, மூடிடு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

பெண்கள் அழ மறந்து நின்றார்கள். தூக்கியவர்கள் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்கள். குவாமெனா எகிர் தடியை ஊன்றிக்கொண்டு கொபினாவின் எதிரில் வந்து, அவன் வாயையே பார்த்தார்.

"எங்க பையன் குரல். அவன் இங்க என்ன பண்றான்?"

"அதைத்தான் மாமா அன்னிக்கு சொல்ல வந்தேன். அவரு கம்பி உள்ள இருக்கு."

கிழவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எங்க குடும்பத்துல ஒருத்தன் போறப்ப அவன் சாமான் ஒண்ணுகூட அடுத்தவன்கிட்ட நிக்கக் கூடாது. கண்ணாடி வெச்சாச்சு. கடிகாரம் வெச்சாச்சு. செருப்புகூட வெச்சாச்சு. இது மட்டும் இவன் வாயில நிக்குது. பின்ன அவன் எப்படிப் போவான்? பெட்டியை மூடாதீங்க. யாரு எடுக்கறது இதை?"

"அது நிலையத்தோட வெற்றி" என்றார் இயக்குநர். "குழு கூடாம அதைத் தொட முடியாது."

"உன் குழுவுல எங்க ஆளு இருக்கானா?"

"இருக்கார். என் வலப்பக்கம்."

"அப்ப அவன் இப்பதான் பேசினான். எல்லாரும் கேட்டாங்க." கிழவர் தடியை உயர்த்தி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற டாக்டர் பைடூவைக் காட்டினார். "அந்தப் பொண்ணு டாக்டர்தானே? இங்க வா தாயி."

டாக்டர் பைடூ காரிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்துவந்தார். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தோம். கொபினாவை மாமன்மார்களுக்கு வைத்திருந்த பெரிய நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, ஈறில் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணியைக் கட்டினார்.

"வாயை நல்லாத் திறங்கண்ணே."

அவன் பழக்கத்தில் அரை அங்குலம் திறந்தான்.

"இல்ல. நல்லா."

பல்லின் முதுகில் அவர் போட்ட துளை பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை; வேரின் அடிவரை கண்ணுக்குத் தெரிகிற அளவு. பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். சீழ் வடிந்தது. அதிர்வு முனையைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, விட்டு விட்டு, தண்ணீர் அடித்துக்கொண்டே ஆட்டினார். ஐந்நூறு பேர் மூச்சுவிடாமல் நின்றோம். ஐம்பது நிமிடம். கண்ணிமை முடி அளவுக்கு ஏதோ ஒன்று பஞ்சில் வந்து விழுந்தது. கிழவர் அதைப் பஞ்சோடு வாங்கி, மருமகனின் வலது கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

முனகல் நின்றது. வேருக்குள் மருந்து வைத்துப் பல்லை அடைத்தார் டாக்டர் பைடூ.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, முழுசா முடிச்சுடலாம். பல்லு நிக்கும்."

"ஊதலாமா?"

"இப்ப ஊதினா வலிக்கும். நானா இருந்தா ஊதமாட்டேன்."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். ஃபீஃபி தன் ட்ரம்பெட்டை ஏற்கெனவே முழங்கால்மேல் சாய்த்து வைத்துவிட்டான். கொபினா எழுந்து, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஸ்வரத்தைப் பிடித்தான். பிளவில்லாமல் போனது. இத்தனை வருடம் அவன் பக்கத்தில் நின்று டிரம் அடித்திருக்கிறேன். அப்படி ஒரு தடவை கேட்டதில்லை. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒரு முட்டைக்காரி அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியர். அப்புறம் டாக்சிக்காரன் ஒருவன். கொபினா ட்ரம்பெட்டை இறக்கினான். அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது: பந்தலுக்குள் அங்கங்கே, மூடிய வாய்களுக்குள்ளிருந்து, அதே மெட்டு. நாற்பது ஐம்பது இடத்திலிருந்து. ஒன்றுக்கொன்று தாளம் சேராமல்.

குவாமெனா எகிர் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குப் புதைக்க முடியாது" என்றார் கடைசியில். "பெட்டியைத் திரும்பக் கொண்டுபோங்க."

பேராசிரியர் இன்னும் பதினாலாம் பெட்டியில்தான் இருக்கிறார், நிலையத்தில் இன்னும் விடுப்பில்தான் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் கூரையில்லாத அந்த வீட்டுக்கு முன்னால் டாக்டர் பைடூ நாற்காலி போடுகிறார். இதுவரை முப்பத்தொரு கம்பி எடுத்தாகிவிட்டது. எல்லாம் ஒரு ஷ்னாப்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. யாருக்கு இருக்கிறது யாருக்கு இல்லை என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க வசதி இல்லை. கொபினா முன்னால் நின்று அந்த ஸ்வரத்தை ஊதுவான். பதிலுக்கு எவர் தாடை முனகுகிறதோ அவர் வரிசையில் வந்து நிற்பார்.

இயக்குநரும் வருகிறார். மேற்பார்வைக்கு என்கிறார். எந்த வெயிலிலும் தலையிலிருந்து தாடைவரை கம்பளித் துணியை இறுக்கிச் சுற்றியிருப்பார். கொபினா ட்ரம்பெட்டை உயர்த்தினால் போதும், ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி விறுவிறுவென்று ரோடு வரைக்கும் நடப்பார். அவர் ரோட்டைத் தாண்டும்வரை கொபினா அந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டியே வாசிக்கிறான்.